கப்பல் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டால் குடும்பம் நடத்த முடியுமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். காட்பாடியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் கப்பலில் தேர்ட் இன்ஜினியர் வேலை. பையனைப் பிடித்திருக்கிறது, சம்பளமும் நல்ல சம்பளம். ஆனால் சொந்தத்தில் ஒருவர்கூடக் கப்பலில் இல்லை. "வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டாராமே, அப்புறம் குடும்பம் என்று எப்படி நடத்துவது? கல்யாணத்துக்கு அப்புறம் என் வேலையை விட்டுவிடச் சொல்கிறார்கள், விடலாமா?" இதுதான் கேள்வி.

என் வீட்டுக்காரர் சீஃப் இன்ஜினியர். கல்யாணத்தின்போது ஃபோர்த் இன்ஜினியராக இருந்தார். நாங்கள் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கப்பல்காரர் வீடுகள் கொஞ்சம்தான் என்பதால் ஏறக்குறைய எல்லாரோடும் எனக்குப் பழக்கம் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: குடும்பம் நடத்த முடியும், நன்றாகவே நடத்த முடியும். எல்லாரும் பயப்படுவது அவர் கடலில் இருக்கும் மாதங்களை நினைத்து. நான் பார்த்த வீடுகளில் பெரிய சண்டைகள் அப்போது வந்ததில்லை. அவர் திரும்பி வந்து மூன்று நான்கு மாதம் வீட்டில் உட்காரும்போதுதான் வந்தன. வீட்டை நடத்துகிற அதிகாரம் யாரிடம் என்பதை ஆரம்பத்திலேயே தெளிவாக்கிக்கொண்டால் மற்றதையெல்லாம் சமாளித்துவிடலாம்.

ஆண் ஊரில் இல்லாமல் வீட்டை நடத்துவது நம் பக்கத்துப் பெண்களுக்குப் புதிதே இல்லை. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார். பழைய வடஆற்காடு முழுக்கப் பட்டாளத்து வீடுகளும் வளைகுடாவுக்குப் போனவர்களின் வீடுகளும் நிறைய. அதனால் "பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி நடத்தலையா, அது மாதிரிதான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாதி சரி. பட்டாளத்துக்காரருக்கு மாதச் சம்பளம் நிற்காது, முழு சர்வீஸ் முடித்தால் பின்னால் பென்ஷன் வரும், கேன்டீன் உண்டு, மருத்துவத்துக்கு வழி உண்டு. அதைவிட, பக்கத்துத் தெருவில் அதே நிலைமையில் இன்னொரு வீடு இருக்கும். கப்பல்காரர்களில் பெரும்பாலானவர்கள் ஒப்பந்தக்காரர்கள். கப்பலில் ஏறிய நாளிலிருந்து இறங்குகிற நாள் வரைதான் சம்பளம். லீவுச் சம்பளத்தையும் பெரும்பாலும் ஒப்பந்தத்தோடு சேர்த்தே கொடுத்து முடித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கப்பல் என்றால் கடற்படைதான் தெரியும். தூத்துக்குடியில் வாக்கப்பட்டிருந்தால் துணைக்கு ஆள் இருக்கும், இங்கே நீங்களே தேடிக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒப்பந்தம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். தேர்ட் இன்ஜினியர் அளவில் பொதுவாக ஆறு மாதம் என்பார்கள், முன்னே பின்னே ஒரு மாதம். அந்த முன்னே பின்னே கம்பெனியின் வசதிக்கு. அவருக்குப் பதிலாக வர வேண்டிய ரிலீவருக்கு விசா வராமல் போகலாம். கப்பல் போகும் துறைமுகத்தில் ஆள் மாற்ற அனுமதி இல்லாமல் இருக்கலாம். சிங்கப்பூர் போக வேண்டிய கப்பலை நடுவழியில் பிரேசிலுக்குத் திருப்பிவிடலாம். 2020ல் கொரோனாவின்போது உலகம் முழுக்க ஏறக்குறைய 4 லட்சம் பேர் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பலிலேயே கிடந்தார்கள். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதும் நிறையக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தன. அதில் பயணம் வாரக்கணக்கில் நீண்டது. சட்டம் ஒரு எல்லை போட்டிருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006 என்று ஒன்று உண்டு, இந்தியாவும் 2015ல் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி ஒருவரைத் தொடர்ந்து 12 மாதம் கப்பலில் வைத்திருக்கக் கூடாது, நடைமுறையில் 11 மாதம்தான் உச்சம். திரும்பி வருகிற செலவு கப்பல் உடைமையாளருடையது.

இதனால் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தேதி சொல்லாதீர்கள், முக்கியமாகக் குழந்தைகளிடம். உங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. "சிரசுக்கு அப்பா வந்துடுவார்" என்று சொல்லிவிட்டு, அவர் அன்றைக்கு மலாக்கா நீரிணையில் இருந்தால் அந்தப் பிள்ளை அழுவதைச் சமாதானப்படுத்துவது கஷ்டம். "இந்த லீவில் வருவார்" என்று சொல்லுங்கள், போதும். போகும்போதும் இதே கதைதான். முதல் நாள் போன் வரும், மறுநாள் ராத்திரி சென்னை விமான நிலையத்தில் இருக்க வேண்டியிருக்கும். வேலூரிலிருந்து காரில் மூன்று மணி நேரமாவது ஆகும். பெட்டியில் பாதியை எப்போதும் தயாராக வைத்திருக்கப் பழகிக்கொள்வீர்கள்.

உங்களிடம் யாரும் சொல்லாத இன்னொன்று பரீட்சை. தேர்ட் இன்ஜினியர் என்றால் அவர் கிளாஸ் ஃபோர் என்ற தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பார். அடுத்து கிளாஸ் டூ, அதற்கப்புறம் கிளாஸ் ஒன். ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு கடல் அனுபவம், அப்புறம் கோர்ஸ், அப்புறம் சென்னையில் எம்எம்டி என்கிற மத்திய அரசின் வணிகக் கப்பல் துறை அலுவலகத்தில் எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு. இதெல்லாம் லீவில்தான் நடக்கும். கல்யாணமாகி முதல் லீவில் ஊட்டி, கொடைக்கானல் என்று கனவோடு இருக்கும் பெண்ணுக்கு, அவர் சென்னையில் ரூம் எடுத்துப் படிக்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் காட்பாடி வருகிறார் என்றால் எப்படி இருக்கும்? முன்கூட்டியே தெரிந்தால் அது திட்டம், தெரியாவிட்டால் ஏமாற்றம். கிளாஸ் டூ முடித்தாரா, எப்போது எழுதப்போகிறார் என்று இப்போதே கேளுங்கள். அந்த மாதங்களில் நீங்களும் சென்னையில் அவரோடு தங்க முடியுமா என்றும் பாருங்கள். செகண்ட் இன்ஜினியர், சீஃப் என்று மேலே போகப் போக ஒப்பந்தம் நான்கு மாதம், சில கம்பெனிகளில் மூன்று மாதம் என்று குறையும். கஷ்டம் எல்லாம் முதல் ஆறேழு வருஷத்தில்தான் குவிந்து கிடக்கும்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் கரை வந்தால்தான் குரல் கேட்கும். இப்போது நிறையக் கப்பல்களில் செயற்கைக்கோள் இணையம் நன்றாகவே கிடைக்கிறது. மேலே சொன்ன உடன்படிக்கையில் 2022ல் கொண்டுவந்த திருத்தங்கள் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டன. இயன்றவரை இணைய வசதி தர வேண்டும், காசு வாங்கினாலும் நியாயமாக வாங்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. காலையில் மாமியாரோடு வந்த மனஸ்தாபம் பத்து நிமிஷத்தில் இன்ஜின் ரூம் வரைக்கும் போய்விடுகிறது. அவர் அங்கே கொதிக்கிற எண்ணெய்க்கும் உயர் அழுத்த நீராவிக்கும் நடுவில் வேலை செய்கிறார். கவனம் சிதறினால் கை போகும்.

எண்ணெய்க் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது ஓய்வு இருக்கும் என்று நாம் நினைப்போம். அப்போதுதான் வேலை அதிகம்: சரக்கு ஏற்றுவது, இறக்குவது, அதிகாரிகள் சோதனை, ஸ்பேர் பாகங்கள் வருவது எல்லாம் ஒன்றாக வரும். ராத்திரி டியூட்டி என்றால் அலாரம் அடித்தால் இறங்கி ஓட வேண்டும். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்பது சட்டம். அந்தத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை நம் சண்டை தின்றுவிடக் கூடாது. கப்பல் மேற்கே போனால் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள், கிழக்கே போனால் முன்னால். அதனால் "இப்ப உங்களுக்கு மணி என்ன?" என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குவது எங்கள் வீட்டு வழக்கம். அவசரமில்லாததை ராத்திரி ஒரே ஆடியோவாகப் பேசி அனுப்பிவிடுவேன், அவர் ஓய்வாக இருக்கும்போது கேட்பார்.

அதற்காக எதையும் மறைக்காதீர்கள். "கப்பல்ல இருக்கிறவன்கிட்ட சொல்லாதீங்க, மனசு கஷ்டப்படுவான்" என்று ஒரு பெரியம்மா கட்டாயம் சொல்வார். சொல்லாமல் விட்டால் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவரே பார்ப்பார். அப்பாவுக்கு ஆஞ்சியோ நடந்தது என்பதை மூன்றாம் மனிதர் வழியாகத் தெரிந்துகொண்ட மகன் அடுத்து நீங்கள் சொல்கிற "எல்லாம் நல்லா இருக்கு" என்ற வார்த்தையை நம்ப மாட்டார். சொல்லுங்கள். சொல்லும்போதே என்ன செய்தாகிவிட்டது, கூட யார் இருக்கிறார்கள், டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கப்பலின் பெயர், அதன் ஏழு இலக்க ஐஎம்ஓ எண், கம்பெனியின் அவசர போன் எண், சென்னையிலோ மும்பையிலோ இருக்கிற மேனிங் அலுவலக (கப்பலுக்கு ஆள் அனுப்புகிற அலுவலகம்) எண், அவருடைய சிடிசி (கப்பல்காரரின் பணிப் பதிவுப் புத்தகம்) எண், பாஸ்போர்ட் எண். ஒவ்வொரு தடவை கப்பல் மாறும்போதும் அவர் கையாலேயே புதுத் தாள் எழுதி ஒட்டிவிட்டுத்தான் போவார். கப்பலின் பெயரை மாற்றினாலும் ஐஎம்ஓ எண் மாறாது, அதை வைத்துக் கப்பல் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். ஆனால் ரொம்பப் பார்க்காதீர்கள். நடுக்கடலில் சமிக்ஞை நின்றால் வீணாகப் பதறுவீர்கள்.

இப்போது லீவு. முதல் வாரம் தூங்குவார். ஃப்ரிட்ஜ் 'பீப்' என்றால் எழுந்து உட்காருவார். இரண்டாவது வாரம் வீட்டைச் சுற்றிப் பார்க்க ஆரம்பிப்பார். கப்பலில் எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு நடைமுறை, ஒரு பதிவேடு இருக்கும். வீட்டில் அது இல்லையே என்று அவருக்குத் தோன்றும். எங்கள் தெருவில் தண்ணீர் விடுகிற நேரத்துக்கு மோட்டார் போட ஒரு முறை வைத்திருக்கிறேன். அவர் ஒரு லீவில் சம்ப்புக்கு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் மாட்டி, குழாயையும் மாற்றினார். "இதை ஏன் இத்தனை நாள் இப்படி வெச்சிருந்தே?" என்றார். "நீங்க இல்லாதப்ப ரிப்பேர் ஆனா, தெருமுனை எலக்ட்ரீஷியனுக்குப் புரியற மாதிரி இருக்கணும், அதான்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பழைய சுவிட்சையும் தனியாக வேலை செய்கிற மாதிரி இணைத்துக் கொடுத்தார். இப்படி முடிந்தால் நல்லது. பல வீடுகளில் இப்படி முடிவதில்லை. டியூஷனை மாற்றுகிறார், பால்காரரை மாற்றுகிறார், ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொள்கிறார், ஏடிஎம் கார்டைக் கேட்கிறார். ஆறு மாதம் எல்லாவற்றையும் தனியாக முடிவு செய்த பெண், திடீரென்று தன் வீட்டில் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அவர் மறுபடியும் கப்பல் ஏறிய பிறகு, அவர் மாற்றிவிட்டுப் போனதையும் அவளே சுமக்க வேண்டியிருக்கிறது.

அதனால் கல்யாணத்துக்கு முன்பே பேசுங்கள். வந்த முதல் இரண்டு வாரத்தில் எந்த முடிவும் மாறாது. அன்றாடச் செலவு, பள்ளி, சமையலறை, வேலைக்காரர்கள் எல்லாம் வருஷம் முழுக்க உங்கள் பொறுப்பு, அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவருக்கென்று சில வேலைகள் இருக்கட்டும்: பிள்ளையைப் பள்ளியில் விடுவது, அம்மாவை சிஎம்சிக்கு அழைத்துப்போய் வரிசையில் நின்று செக்கப் முடிப்பது, கார் சர்வீஸ். வேலையே கொடுக்காமல் விருந்தாளி மாதிரி உட்காரவைப்பதும் தப்பு. தன் வீட்டில் தனக்கு இடமில்லை என்று அவருக்குத் தோன்றிவிடும். கைக்குழந்தை இருந்தால் அது அவரைப் பார்த்து அழும், உங்களிடமே ஓடிவரும். அதை யாரும் சிரித்துப் பெரிதாக்கக் கூடாது. பக்கத்தில் இருந்துகொண்டே இருந்தால் பத்துப் பதினைந்து நாளில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

சொந்தபந்தமும் லீவைத் தின்னும். விசேஷ வீடுகள், ரத்தினகிரி, சோளிங்கர், திருமலை என்று நாள் பறக்கும். "டாலரில் சம்பளம்" என்று கடன் கேட்டும் வருவார்கள். கடன் விஷயத்தில் பதில் சொல்வது அவராக இருக்கட்டும். அவர் போன பிறகு கேட்டு வருபவர்களுக்கு "அவர் வந்ததும் பேசுங்க" என்று சொல்லிவிடலாம்.

பணம். பெரிய சம்பளம் என்பது ஏறிய மாதங்களுக்குத்தான், வீட்டுக் கடன் தவணையோ 12 மாதமும் வரும். லீவு நீளலாம், ஏற வேண்டிய கப்பல் தள்ளிப்போகலாம், மருத்துவப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் கூடுதல் என்று ஒரு மாதம் நிறுத்திவைக்கலாம். ஆறு மாதச் செலவு தனியாக இல்லாமல் எந்தத் தவணையிலும் இறங்காதீர்கள். கப்பலிலிருந்தே சம்பளத்தின் ஒரு பகுதியை நேராகக் குடும்பத்தின் கணக்குக்கு அனுப்பும் அலாட்மென்ட் வசதி உண்டு. அதில் எவ்வளவு உங்கள் கணக்குக்கு, எவ்வளவு அவர் பெற்றோருக்கு என்பதை மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கணவர் ஊரில் இல்லாத வீட்டில் மாமியார் மருமகள் பிணக்கு பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது.

வரியும் இதில் சேரும். வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்பவர் நிதியாண்டில் இந்தியாவில் தங்கியது 182 நாளுக்குக் குறைவு என்றால் அவர் என்ஆர்ஐ. என்ஆர்இ என்ற வெளிநாடுவாழ் இந்தியர் வங்கிக் கணக்குக்கு வரும் அந்தச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை என்பதை 2017ல் வருமான வரித் துறை சுற்றறிக்கை போட்டே தெளிவுபடுத்தியது. அதனால் பிப்ரவரி, மார்ச்சில் இன்னும் சில நாள் லீவு நீட்டலாமா கூடாதா என்று நாள் எண்ணுவார்கள். என்னைவிட வரிதான் முக்கியமா என்று உங்களுக்கு அப்போது கோபம் வரும். நல்ல ஆடிட்டர் ஒருவரிடம் வருஷத் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுக்கொண்டால் அந்தக் கோபத்துக்கே வேலையில்லை. அவர் போகும் முன் பத்திரப்பதிவுக்கும் வங்கிக்கும் தேவையான பவர் ஆஃப் அட்டர்னி எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். ஒப்பந்தத்திலும் காப்பீட்டிலும் நெருங்கிய உறவு என்ற இடத்தில் கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர் இருக்கும். அதை மாற்றச் சொல்லிக் கேட்பது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அவரே செய்ய வேண்டும்.

பேசவே கஷ்டமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெற்றவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் வர முடியாமல் போகலாம். பசிபிக் நடுவில் இருக்கும் கப்பல் அடுத்த துறைமுகம் சேரவே இரண்டு வாரம்கூட ஆகலாம். குறைந்தபட்ச ஆட்கள் இல்லாமல் கப்பல் நகரக் கூடாது என்பதால், மாற்று ஆள் வந்தால்தான் இறங்க முடியும். ஒரே மகன் என்றால், கொள்ளி வைப்பது யார் என்று அப்பா அம்மா திடமாக இருக்கும்போதே பேசிவைப்பது நல்லது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்தப் பெரியவரே, "என் தம்பி மகன் வைக்கட்டும், நீ கருமாதிக்கு வந்தா போதும், வர முடியலைன்னாலும் மனசுல வெச்சுக்காதே" என்று மகனிடம் சொல்லிவைத்திருந்தார். அப்படியே நடந்தது. மகனால் காரியத்துக்குத்தான் வர முடிந்தது. அப்பா சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு வார்த்தை இல்லாமல் இருந்திருந்தால் அவர் உடைந்துபோயிருப்பார். பிரசவத்துக்குத் தேதி தெரியும் என்பதால் ஒப்பந்தத்தை அதற்கேற்ப வாங்கப் பார்க்கலாம். ஆனாலும் அவர் வராமல் போனால் கூட யார் இருப்பது, கையெழுத்து யார் போடுவது என்று ஏற்பாடு செய்து வைத்திருங்கள்.

முடிந்தால் ஒரு தடவையாவது அவரோடு கப்பலில் போய் வாருங்கள். பல கம்பெனிகளில் அதிகாரிகள் மனைவியை அழைத்துப்போக அனுமதி உண்டு, எந்தப் பதவியிலிருந்து என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போகும் கப்பல் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்பார்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடலாம். வியர்வையில் நனைந்த பாய்லர் சூட் என்ற வேலை உடுப்போடு அவர் அறைக்கு வருவதைப் பார்த்துவிட்டால், "ஏன் நேத்து போன் எடுக்கலை?" என்ற கேள்வி அப்புறம் வராது.

அவரைப் பற்றி விசாரிக்க வேண்டியவை: எந்தக் கம்பெனி, அவரை அனுப்பும் மேனிங் நிறுவனத்துக்கு மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் கொடுக்கும் ஆர்பிஎஸ்எல் என்ற ஆள் சேர்ப்பு உரிமம் இருக்கிறதா, சிடிசியில் ஏறிய இறங்கிய தேதிகள் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றனவா. இதைக் கேட்டால் நல்ல பையன் கோபப்பட மாட்டார். இன்னொன்றும் கேளுங்கள்: எத்தனை வயது வரை கடலில் இருப்பதாக எண்ணம்? கிளாஸ் ஒன் முடித்தவர்களுக்குக் கரையில் சூப்பரின்டென்டென்ட், சர்வேயர், கடல்சார் கல்லூரியில் ஆசிரியர் என்று வழிகள் உண்டு. சம்பளம் நிச்சயம் குறையும். அதைத் தாங்குகிற மாதிரி வாழ்க்கையை இப்போதிருந்தே அமைத்தால்தான் நாற்பது வயதில் கரையேற முடியும். பெரிய வீடு, பெரிய கார் என்று தவணைகளை ஏற்றிக்கொண்டவர்கள் ஐம்பதிலும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கடைசியாக, உங்கள் வேலை. விடாதீர்கள். அவர் சம்பளம் போதும் என்பார்கள், போதும்தான். ஆனால் அவர் ஆறு மாதம் இல்லாதபோது காலையில் எழுந்து போக ஒரு இடம், பேச நாலு சக ஆசிரியைகள், மாதா மாதம் நிற்காமல் வரும் ஒரு சம்பளம், இவை உங்களுக்கு வேண்டும். பள்ளி வேலையில் கோடை விடுமுறை உண்டு, அவர் லீவு அதோடு பொருந்தினால் நல்லது, பொருந்தாவிட்டாலும் மாலை நாலு மணிக்கு வீட்டில் இருப்பீர்கள். காட்பாடியில் குடித்தனம் என்றாலும் குடியாத்தம் ரயிலில் அரை மணி நேரம்தான். இப்போதைய பள்ளிக்கே போய்வரலாம், அல்லது வேலூரிலேயே ஒரு பள்ளி தேடலாம். அவர் கப்பல் ஏறியதும் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுகிற பழக்கத்தை மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் போய் இருங்கள். மற்றபடி காட்பாடி வீட்டு விளக்கு உங்கள் கையால் எரியட்டும், பால் கணக்கும் வங்கிக் கணக்கும் உங்கள் பெயரில் ஓடட்டும். மாப்பிள்ளை வீட்டார் வேலையைப் பற்றி மறுபடி பேச்செடுத்தால், அவர்களிடம் விவாதிக்க வேண்டாம், நேராக அவரிடமே பேசுங்கள். கப்பலில் கூட வேலை செய்கிறவர்களின் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதைத் தினமும் மெஸ்ஸில் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர்.